ஜன கண மன: மன்னருக்காகப் பாடியதா? 1911 டிசம்பர் 27-இல் நடந்தது என்ன?

வணக்கம் மக்களே. ஆகஸ்ட் 15 நெருங்கினாலே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பார்வர்டுகள் தவறாமல் வந்து விழும். ஒன்று, ஜன கண மன உலகத்திலேயே சிறந்த தேசிய கீதம் என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டதாம். இன்னொன்று, அந்தப் பாட்டைத் தாகூர் எழுதியதே ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைப் புகழத்தானாம். முதலாவதைச் சட்டென்று முடித்துவிடலாம். யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை, அவர்களே மறுத்தாயிற்று. ஆனாலும் வருடா வருடம் வருகிறது. இரண்டாவதுதான் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டியது.

டெல்லி தர்பாரில், அதாவது மன்னருக்காக நடந்த முடிசூட்டுக் கொண்டாட்ட அவையில், அவர் முன்னால் பாடினார்கள் என்று அதில் இருக்கும். தர்பார் நடந்தது 1911 டிசம்பர் 12. இந்தப் பாட்டு முதன்முதலில் மேடையேறியது டிசம்பர் 27, கல்கத்தாவில், காங்கிரஸ் மாநாட்டின் இரண்டாம் நாள். அன்றைக்கு மன்னர் டெல்லியிலும் இல்லை, கல்கத்தாவிலும் இல்லை. நேபாளக் காட்டில் புலி வேட்டையில் இருந்தார். கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்ததே 30-ஆம் தேதிதான்.

சரி, நெருப்பில்லாமல் புகையுமா என்பீர்கள். நெருப்பு இருந்தது, அதை மறைக்கக் கூடாது. 1905-இல் வைஸ்ராய் கர்சன் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார். ஆறு வருடப் போராட்டத்துக்குப் பிறகு, அந்தப் பிரிவினை ரத்து என்று மன்னர் தர்பாரில் அறிவித்தார். அப்போது காங்கிரஸ் மிதவாதிகள் கையில். அவர்களுக்கு ஒரே மகிழ்ச்சி. 27-ஆம் தேதி நிகழ்ச்சி இப்படிப் போனது: முதலில் தாகூரின் பாட்டு. அப்புறம் மன்னரை வரவேற்றும் நன்றி சொல்லியும் ஒரு தீர்மானம். அதன் பிறகு ராம்புஜ் தத் சௌத்ரி எழுதிய ஓர் இந்திப் பாட்டு. மன்னர் துதி என்றால் அதுதான் மன்னர் துதி. பையன்களும் பெண்பிள்ளைகளுமாகச் சேர்ந்து பாடினார்கள்.

மறுநாள் பேப்பரைப் பாருங்கள். வெள்ளைக்காரர்கள் நடத்திய ஸ்டேட்ஸ்மனும் இங்கிலீஷ்மனும், மன்னருக்காகவே எழுதிய பாட்டைத் தாகூர் பாடினார் என்று போட்டுவிட்டன. இந்தியர்கள் நடத்திய பெங்காலி, அமிர்த பஜார் பத்திரிகா இரண்டும் பிரித்துச் சொல்லின: தொடக்கத்தில் தாகூர் பாட்டு, தீர்மானத்துக்குப் பிறகு மன்னர் பாட்டு. வங்காளமும் தெரியாத, இந்தியும் தெரியாத நிருபர்கள் இரண்டு பாட்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டார்கள் என்பதுதான் எனக்குப் படுவது. நூறு வருடத்துக்கு மேலாக நாம் பார்வர்டு செய்துகொண்டிருப்பது அந்த நிருபர்களின் பிழையைத்தான்.

இதில் எனக்கு வருத்தம் நம் தேசபக்தி வீடியோக்கள் மேல்தான். தாகூரைக் காப்பாற்றுகிறேன் என்று வருகிறவர்கள் அந்தத் தீர்மானத்தையும் இந்திப் பாட்டையும் சொல்லவே மாட்டார்கள். காங்கிரஸ் மன்னருக்கு நன்றி சொன்னது என்றால் கௌரவக் குறைச்சலாம். ஆனால் அதை விட்டுவிட்டால் குழப்பம் எப்படி வந்தது என்று யாருக்குமே புரியாது. எதிர்த்தரப்பு அந்தத் தீர்மானத்தை எடுத்து நீட்டும்போது இவர்களிடம் பதில் இருக்காது.

கமென்ட்டில் அடிக்கடி வருகிற இன்னொரு கேள்வி: பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட மாகாணங்களின் பெயர் மட்டும்தானே பாட்டில் இருக்கிறது, அப்படியானால் அது அவர்கள் ஆட்சியைப் புகழ்வதுதானே? இல்லை. அன்றைக்கு சிந்து தனி மாகாணமே இல்லை, பம்பாய் மாகாணத்துக்குள் இருந்தது. ஒடிசாவைப் போலவே அதுவும் தனி மாகாணமானது 1936-இல். திராவிடம் என்று ஒரு மாகாணம் எப்போதும் இருந்ததில்லை, இருந்தது சென்னை மாகாணம். குஜராத் பகுதியில் பிரிட்டிஷ் மாவட்டங்களும் இருந்தன, சுதேச சமஸ்தானங்களும் நிறைய இருந்தன.

பக்கத்து ஊர்க் கதை ஒன்றும் உண்டு. மெட்டே ஆந்திராவின் மதனப்பள்ளியில்தான் பிறந்தது என்பார்கள். 1919 பிப்ரவரியில் தாகூர் அங்கே ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் நடத்திய கல்லூரியில் தங்கினார், பாடிக் காட்டினார், ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தும் கொடுத்தார். கசின்ஸின் மனைவி மார்கரெட் அதற்கு மேற்கத்திய இசைக்குறிப்பு எழுதினார். இதுவே அந்த ஊருக்குப் பெரிய பெருமை. ஆனால் 1911-இலேயே மேடையில் பாடியாயிற்றே, அப்புறம் மெட்டு எப்படி 1919-இல் பிறக்கும்?

தாகூர் என்ன சொன்னார்? 1937 நவம்பரில் புலின் பிஹாரி சென்னுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அரசுப் பணியில் உயர்ந்த இடத்தில் இருந்த நண்பர் ஒருவர் மன்னரை வாழ்த்தி ஒரு பாட்டு கேட்டாராம். தாகூர் திகைத்துப்போனார், மனசு கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தில்தான் யுகயுகமாக இந்தியாவின் தேரை ஓட்டி வரும் பாரத பாக்கிய விதாதாவுக்கு, அதாவது இந்தியாவின் விதியை வகுப்பவருக்கு, வெற்றி சொல்லி எழுதினாராம். அந்தச் சாரதி ஐந்தாம் ஜார்ஜாகவோ ஆறாம் ஜார்ஜாகவோ இருக்க முடியாது, அது அந்த நண்பருக்கே புரிந்தது என்கிறார். ஆக, மன்னருக்கு ஒரு பாட்டு கேட்டார்கள் என்பதைத் தாகூரே ஒப்புக்கொள்கிறார். இதையும் நம் ஆட்கள் பலர் சொல்வதில்லை.

ஆனால் 26 வருடம் கழித்து எழுதியதுதானே என்று நீங்கள் கேட்டால், நியாயமான கேள்வி. அதனால்தான் கடிதத்தைக் கடைசியில் வைத்தேன். அது இல்லாமலே ஒரு சான்று நிற்கிறது. மாநாடு முடிந்த அடுத்த மாதம், 1912 ஜனவரியில், தாகூர் ஆசிரியராக இருந்த பிரம்ம சமாஜப் பத்திரிகை தத்துவபோதினியில் இதே பாட்டு பிரம்ம சங்கீதம் என்று, அதாவது வழிபாட்டுப் பாட்டாக, அச்சாகிவிட்டது. அந்த மாதமே சமாஜத்தின் ஆண்டு விழாவிலும் பாடினார்கள். உருவமில்லாத ஒரே கடவுளைத் தவிர யாரையும் வணங்காதவர்கள் அவர்கள். லண்டன் மன்னரைத் துதிக்கும் பாட்டை அந்த இடத்தில் பாடியிருப்பார்களா?

மறுப்பு இருந்தால் கமென்ட்டில் தாராளமாகப் போடுங்கள். பார்வர்டு ஸ்கிரீன்ஷாட் மட்டும் வேண்டாம், அது என்னிடமே நிறைய இருக்கிறது. தேதி தெரிகிற மாதிரி பழைய பேப்பர் கட்டிங் இருந்தால் அனுப்புங்கள், அதையே அடுத்த வீடியோவில் காட்டிப் பேசுகிறேன்.