கேஸ் டேங்குக்குள் ஸ்கூபா டைவிங்! இடிக்காமல் விட்ட இரும்பாலை

வணக்கம் மக்களே! இந்த வட்டத் தொட்டியைப் பாருங்கள். உள்ளே சுமார் 2 கோடி லிட்டர் தண்ணீர். அடியில் ஒரு மோட்டார் படகு மூழ்கிக் கிடக்கிறது, கூடவே ஒரு விமானமும். கடலும் இல்லை, நீச்சல் குளமும் இல்லை. இது ஒரு பழைய இரும்பாலையின் கேஸ் டேங்க்!

இடம் ஜெர்மனி, டூயிஸ்பர்க் நகரம். ஆலை தொடங்கியது 1901, மூடியது 1985. ஐரோப்பாவில் தேவைக்கு மேல் எஃகு குவிந்துவிட்டது, அதுதான் காரணம். வரலாறு ஓவர்.

மூடிய ஆலையை என்ன செய்வது? பக்கத்து டோர்ட்முண்டில் ஓர் எஃகாலையைச் சீனக் கம்பெனி வாங்கி, நட்டு போல்ட்டாகக் கழற்றிக் கப்பலேற்றிவிட்டது. அந்த இடத்தில் இப்போது ஏரி, கரையெல்லாம் வீடுகள். டூயிஸ்பர்க்கில் இடிக்கக் கூடாது என்று ஊர்க்காரர்களே குரல் கொடுத்தார்கள். 1991இல் பீட்டர் லாட்ஸ் என்ற நிலவடிவமைப்பாளரின் திட்டம் தேர்வானது. இருப்பதை இருந்த இடத்திலேயே விட்டு, அதற்குப் புது வேலை கொடுப்பதுதான் அவர் யோசனை. 1994இல் சுமார் 180 ஹெக்டேரில் பூங்கா திறந்தது.

சரி, டேங்குக்கு வருவோம். ஊதுலையில், அதாவது தாதுவிலிருந்து இரும்பை உருக்கி எடுக்கும் பெரிய உலையில், வேலை நடக்கும்போது எரியக்கூடிய வாயு வெளியே வரும். அதை வீணாக்காமல் பிடித்து வைக்கத்தான் இந்தத் தொட்டி. அகலம் 45 மீட்டர். அதில் 13 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பியிருக்கிறார்கள். 12,000 லிட்டர் டேங்கர் லாரிக் கணக்கில் பார்த்தால் 1,600 லாரிக்கு மேல்! எங்கள் தெருவுக்கு வாரம் ஒரு லாரிதான் வரும். அந்தக் கணக்கில் 30 வருடத்துக்கு மேல் தாங்கும். இவர்கள் அதில் முங்கி விளையாடுகிறார்கள். வயிற்றெரிச்சல் எனக்கு மட்டும்தானா?

தாது கொட்டி வைத்த கிடங்குகளின் கான்கிரீட் சுவர்களில் மலையேற்றப் பயிற்சி நடக்கிறது. நச்சு கலந்த மண்ணைக்கூட அதே கிடங்குகள் சிலவற்றில் போட்டு மூடிவிட்டார்கள். ஆலைக்குள் கிடந்த 49 இரும்புத் தகடுகளைத் தரையில் பரப்பி ஒரு சதுக்கமே அமைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 7, 8 டன்.

புகைபோக்கியை மட்டும் விட்டுவிட்டு, சுற்றி அபார்ட்மெண்ட் கட்டி, அதற்கு 'ஹெரிடேஜ்' என்று பெயர் வைப்பார்களே, அது எனக்குப் பிடிக்காது. இங்கே 5ஆம் எண் ஊதுலை மீது படியேறி சுமார் 70 மீட்டர் உயரத்துக்குப் போகலாம். மூச்சு வாங்கும். ஆனால் தாது எங்கிருந்து ஏறியது, உருகிய இரும்பு எந்தப் பக்கம் ஓடியது என்று கண்ணாலேயே பார்த்துப் புரிந்துகொள்ளலாம். அப்புறம், இத்தனை இரும்பையும் துரு தின்னாமல் பார்த்துக்கொள்ளும் செலவு முடியவே முடியாது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

டிக்கெட்டா? பூங்காவுக்குக் கிடையாது, ராத்திரியும் திறந்திருக்கும். டைவிங்குக்குத்தான் காசு.

உங்கள் ஊரில் மூடிக் கிடக்கும் மில், ஆலை எதுவானாலும் கமெண்டில் போடுங்கள். உள்ளே என்ன செய்யலாம் என்றும் எழுதுங்கள். 'ஷாப்பிங் மால்' என்று எழுதுகிறவர்களை பிளாக் செய்ய மாட்டேன், ஆனால் லைக்கும் போட மாட்டேன்.