சோலைவரியும் அடைபட்ட வடிகானும்

(மட்டக்களப்பில் நடந்த பொதுக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, கோவில் வண்ணக்கர் ஐயா அவர்களே, பள்ளிவாசல் நிருவாகப் பெரியவர்களே, அருட்தந்தை அவர்களே, வேலைகளை ஒதுக்கிவைத்து வந்திருக்கும் மாநகர சபை உறுப்பினர்களே, எனக்குக் கணக்குப் படிப்பித்த ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, தாய்மாரே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அடுத்தமுறை அந்தக் காசுக்கு ஒரு மண்வெட்டி வாங்கித் தாருங்கள். ஏன் என்று போகப்போக விளங்கும்.

சோலைவரியில், அதாவது வீடு வளவுக்குச் சபை வாங்கும் வரியில், நியாயம் என்பது தலைப்பு. மூன்று விசயம் சொல்ல வந்தேன்: வரியை எப்படிக் கணிக்கிறார்கள், யாருக்குச் சலுகை வேண்டும், வாங்கிய காசு எங்கே போகவேண்டும்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நம் சனம் வரி நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே அழுகிறது. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, 2025 மேயில் தேர்தல் நடக்கும்வரை, போய் அழ ஆளில்லை என்றீர்கள். சரி, இப்போது ஆள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள்.

முதலாவது, கணிப்பு. காணி என்ன விலைக்குப் போகும் என்று பார்த்து இந்த வரியைப் போடுவதில்லை. வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன வரும் என்று பார்க்கிறார்கள். அதுதான் ஆண்டுப் பெறுமதி. மாதம் 5,000 ரூபாய் பெறும் வீடென்றால் வருடம் 60,000. திருத்த வேலைக்கென்று அதில் ஒரு பங்கைக் கழித்து, மிச்சத்துக்குச் சபை தீர்மானித்த வீதப்படி வரி. மதிப்பிடுவது விலைமதிப்புத் திணைக்களம். பழைய மதிப்பீட்டை அப்படியே கிடக்கவிட்டால், மூன்று மாடி எழும்பிய வளவும் பழைய ஓட்டுவீட்டுக் கணக்கிலேயே நிற்கும்.

எங்கள் பக்கத்து மாமி ஒருவரின் கதையைக் கேளுங்கள். எந்தச் சபை என்று கேட்காதீர்கள். கணவர் காலமாகிப் பல வருடம். நோட்டீஸ் இன்னும் அவர் பெயருக்குத்தான் வருகிறது. மாமி பற்றுச்சீட்டெல்லாம் பிஸ்கட் பேணிக்குள் அடுக்கி, ரப்பர் வளையம் போட்டு வைத்திருப்பார். ஒருமுறை வரி திடீரென்று ஏறிவிட்டது. பேணியைத் தூக்கிக்கொண்டு கந்தோருக்குப் போனார். இடாப்பைப் புரட்டின தம்பி, "அம்மா, உங்கட வளவில ரெண்டு வீடு பதிஞ்சிரிக்கி" என்றார். பார்த்தால், பின்வளவு ஆட்டுக் கொட்டிலையும் வீடென்று எழுதியிருக்கிறார்கள்! மாமி விடவில்லை. "மனே, அதுக்குள்ள ஆடுதான் குடியிரிக்கி. வாடகைக்குப் புழுக்கைதான் தருகுது. உங்கட பங்கைக் கழிச்சுக்கொண்டு தரட்டா?" கந்தோரே சிரித்தது. ஆனால் சிரிப்போடு மாமி கிளம்பவில்லை. நோட்டீசில் போட்டிருந்த திகதிக்குள் ஆட்சேபனையை எழுத்தில் கொடுத்தார், கொடுத்ததற்கு ஒப்பமும் வாங்கினார். ஆள் வந்து பார்த்தது, கொட்டில் இடாப்பிலிருந்து போனது. அழுத பிள்ளை, அதுவும் எழுத்தில் அழுத பிள்ளை. சபையின் முடிவு சரியில்லையென்றால் நீதிமன்றத்துக்குப் போகவும் வழியிருக்கிறது.

இரண்டாவது, சலுகை. முழு வருட வரியையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதக் கழிவு. வெளிநாட்டில் பிள்ளை உள்ள வீட்டுக்கு அது சுலபம். நாட்கூலிக்காரர் பிந்திக் கட்டி, நிலுவையை அறவிடச் சபை எடுக்கும் வாரண்ட் செலவையும் சேர்த்துக் கொடுக்கிறார். இல்லாதவர்தான் கூடக் கொடுக்கிறார், பார்த்தீர்களா? மாதாமாதம் கட்ட வழி செய்யுங்கள். மிச்சத்தை இன்னொரு நாள் பேசுவோம். தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார்.

ஏனென்றால் எனக்கு மூன்றாவதை, அந்தக் காசு போகவேண்டிய வடிகானைப் பற்றிப் பேசவேண்டும். எந்தத் தலைப்புத் தந்தாலும் இவர் கானுக்குள்தான் விழுவார் என்று அதிபர் ஐயா சொல்வார். மார்கழி மழைக்கு முகத்துவாரம் வெட்டினார்களா என்று எல்லோரும் கேட்கிறோம். வாவிக்கு வந்து சேர்ந்த தண்ணீரைத்தான் முகத்துவாரம் கடலுக்கு விடும். ஒழுங்கைத் தண்ணீர் வாவிக்குப் போக வழி எங்கே? கானுக்குள் மணல், தேங்காய் மட்டை, உடைந்த தயிர்ச் சட்டி. சில இடத்தில் கானுக்கு மேலேயே மதில். அதற்கு மட்டும் ஒருவரும் அழமாட்டார்கள்!

ஆகவே சபையிடம் கேட்பது இதுதான். ஒவ்வொரு வட்டாரத்திலும் சேர்ந்த சோலைவரி எவ்வளவு, அங்கே கானுக்குச் செலவழித்தது எவ்வளவு என்று பொது நூலக அறிவித்தல் பலகையில் வருடாவருடம் ஒட்டுங்கள். சேர்ந்ததில் ஒரு பங்கை அந்த வட்டாரத்துக் கானுக்கென்றே ஒதுக்குங்கள். கண்ணால் பார்த்தால் சனம் தானாகக் கட்டும், நிலுவை கேட்டுக் கடிதம் அனுப்பும் முத்திரைக் காசும் மிச்சம்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயர், ஒழுங்கை, எந்த இடத்தில் கான் அடைபட்டது என்று மூன்று கட்டம். மூன்றையும் நிரப்பி ஒப்பமிடுங்கள். பேனா நூலகத்துடையது, கொண்டுபோய்விடாதீர்கள். வணக்கம்.