யூரியாவைத் தூரில் கொட்டாதீர்கள்: மாங்கன்று தழைச்சத்தை எடுக்கும் விதம்

வணக்கம் நண்பர்களே. கிருஷ்ணகிரிப் பக்கம், எங்கள் மாந்தோப்பிலிருந்து பேசுகிறேன். என் பின்னால் நிற்பவை பெங்களூரா ரக மா ஒட்டுக்கன்றுகள். நட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

இந்தக் கன்றைக் கிட்டே காட்டுகிறேன். கீழே இருக்கும் முதிர்ந்த இலைகள் எப்படி வெளிறிவிட்டன, பாருங்கள். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், போதாதபோது கன்று பழைய இலையில் இருப்பதை எடுத்து இளம் இலைக்கு அனுப்பிவிடும். அதனால்தான் கீழ் இலை முதலில் வெளுக்கிறது.

இதைக் கண்டதும் யூரியாவை அள்ளித் தூரில் போடத்தான் கை போகும். போன ஆண்டு நானும் அதைத்தான் செய்தேன். இலை ஓரங்கள் கருகி, மூன்று கன்றுகள் பட்டுப்போயின. இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

மண்ணை மெல்ல விலக்குகிறேன். தூரை ஒட்டிய இந்தத் தடித்த வேர் பழுப்பேறி, பட்டை கட்டியிருக்கிறது. கன்றைத் தாங்குவது இது. சத்தை உறிஞ்சுவது பெரும்பாலும் ஒரு முழம் தள்ளி நூல் நூலாக, வெள்ளையாக ஓடுகின்றனவே, இந்தச் சல்லி வேர்கள்தான். உரம் போய்ச் சேரவேண்டிய இடம் இதுதான்.

100 கிராம் யூரியாவில் 46 கிராம் தழைச்சத்து இருக்கிறது. மண்ணில் உள்ள யூரியேஸ் என்னும் நொதி அதை அம்மோனியமாக்குகிறது. உரம் மேலாகவே கிடந்தால் அதில் ஒரு பங்கு அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். மண்ணுக்குள் போன அம்மோனியத்தை நுண்ணுயிரிகள் தழைச்சத்தின் இன்னொரு வடிவமான நைட்ரேட்டாக மாற்றுகின்றன. வேர் இரண்டையும் எடுத்துக்கொள்ளும். ஆனால் அம்மோனியத்தைப் பிடித்து வைக்கிற களிமண் துகள், நைட்ரேட்டைப் பிடிப்பதில்லை. ஒரு பெருமழை போதும், நீரோடு ஆழத்துக்கு இறங்கிவிடும். வளர்ந்த மரமென்றால் வேர் அகலமாகப் பரவியிருக்கும், கொஞ்சமாவது பிடித்துக்கொள்ளும். இரண்டு வயதுக் கன்றின் வேர் எவ்வளவு தூரம் துழாவும்? மீதியில் ஒரு பங்கு பக்கத்தில் நிற்கும் கோரைக் களைக்குப் போகிறது. பாத்திக்குள் களை நிற்கவே விடாதீர்கள்.

நைட்ரேட்டை உள்ளே இழுக்க வேர் தன் ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். அதற்கு வேர் மூச்சுவிட வேண்டும். பாத்தியில் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கினால், உரம் பக்கத்திலேயே இருந்தும் கன்று பட்டினி கிடக்கும். காற்றில்லாத மண்ணில் நைட்ரேட்டும் வாயுவாக மாறி வெளியேறிவிடும். மஞ்சளாக நிற்கும் கன்றுக்கு உரம் கேட்பவர்களிடம் நான் முதலில் வடிகாலைத்தான் விசாரிப்பேன்.

இப்போது ஓராண்டு அளவைப் பல தவணைகளாகப் பிரித்துவிட்டேன். கொழுந்து விடும் பருவத்தில், தூரிலிருந்து ஒரு முழம் தள்ளி வட்டமாகத் தூவி, மண்ணால் மூடி, அளவாகத் தண்ணீர் விடுகிறேன். மேலே தொழு உரமும் காய்ந்த இலை மூடாக்கும் போடுகிறேன். தொழு உரம் மெதுவாக மட்கித் தழைச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகவே விடும். சின்ன வேருக்கு அந்த நிதானம் ஒத்துப்போகிறது.

இந்தக் கன்றில் சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறேன். அடுத்த கொழுந்து முற்றி இலையானதும் இதையே உங்களுக்குக் காட்டுகிறேன்.