‘ஆமாம்’ எப்போது ‘நோ’ ஆகும்?

தேசிய நூலக வாரத்தையொட்டி, சென்னைக் கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரை

விழாத் தலைவர் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, ஓயாத உழைப்பாளியான வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்த பொருளாளர் அவர்களே, மின்விசிறிக்கு அடியில் இடம் கிடைக்காமலும் எழுந்து போகாத பெரியோர்களே, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம். அடுத்த கூட்டத்துக்கு நேரமாகியும் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களுக்குத் தனி நன்றி. அவருக்கு ஒரு வேலையும் வைத்திருக்கிறேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஆங்கிலத்தில் சம்மதமும் உறுதியும் சொல்லும் இடத்தில் நம் பிள்ளைகள் கெடுவதும் அப்படித்தான். மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: எதிர்மறைக் கேள்விக்கு விடை, ‘ஆஃப் கோர்ஸ்’ எங்கே குத்தும், ‘மஸ்ட் பி’ எவ்வளவு உறுதி.

சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனி. வியாசர்பாடித் தம்பி ஒருவர் இன்டர்வியூவுக்குப் போனார். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. ‘யூ ஹேவ்ன்ட் டன் நைட் ஷிஃப்ட்ஸ் பிஃபோர்?’ என்றார் அதிகாரி. செய்ததில்லைதானே? ‘யெஸ் சார்’ என்றார் தம்பி. அதிகாரி மகிழ்ந்துபோய் ‘வேர்?’ என்றார். ‘நோவேர் சார்.’ அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ‘ஸோ யூ ஹேவ்ன்ட்?’ ‘யெஸ் சார்!’ துடைத்ததை மாட்டாமலே அடுத்த கேள்வி: ‘டூ யூ மைண்ட் ஒர்க்கிங் நைட்ஸ்?’ தம்பி நிமிர்ந்து உட்கார்ந்து, ‘யெஸ் சார், டெஃபினிட்லி சார்!’ என்றார். இரவு வேலை எனக்கு ஆகவே ஆகாது என்று அடித்துச் சொல்லியாயிற்று! கடைசியில் சான்றிதழைக் காட்டி ‘இஸ் திஸ் யுவர்ஸ்?’ என்றதற்கு, ‘ஆஃப் கோர்ஸ்!’ வேலை கிடைத்ததா என்று கேட்காதீர்கள். நுணலும் தன் வாயால் கெடும்.

‘வரலையா?’ என்றால் நாம் ‘ஆமாம், வரலை’ என்போம். கேட்டவர் நினைத்தது சரி என்று ஒப்புகிறோம். ஆங்கிலத்தில் நடந்ததை மட்டும் பாருங்கள். நடந்திருந்தால் யெஸ், இல்லையென்றால் நோ. ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் ‘நோ, ஐ ஹேவ்ன்ட்’ என்று முடித்தால் குழப்பம் வராது. ‘டூ யூ மைண்ட்’ என்பது ஆட்சேபம் உண்டா என்பது. சம்மதமானால் ‘நாட் அட் ஆல்’.

பேனா கேட்டவருக்கு ‘ஆஃப் கோர்ஸ்’ சொன்னால் தாராளம். பிராட்வே பஸ்ஸா என்று கேட்டவருக்குச் சொன்னால், இதுகூடத் தெரியாதா என்று காதில் விழும். ‘யெஸ், இட் இஸ்’ போதும். வாடிக்கையாளருக்கு ‘சர்ட்டன்லி’, நண்பருக்கு ‘ஷ்யூர்’. ‘ஷ்யூர்லி’யை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள், அது பெரும்பாலும் எதிரில் இருப்பவரின் ஒப்புதலை எதிர்பார்த்துச் சொல்வது. ‘ஐ ஆம் அக்ரீ’யை இன்றோடு விடுங்கள், ‘ஐ அக்ரீ’தான்.

இதெல்லாம் இலக்கணப் புத்தகத்தில் இருக்கிறது, வாய்தான் பழகவில்லை. பழக இடம் எங்கே? 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் தந்த நூலக வரியை, சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு என்று கட்டுகிறோம். கேட்பது ஞாயிறு மாலை ஒரு மணி நேரம், வாசிப்பு அறைக்கு வெளியே எட்டு நாற்காலி. எதிரெதிரே இருவர், ஒருவர் 20 கேள்வி கேட்க வேண்டும், பாதி எதிர்மறையாக. மற்றவர் வினைச்சொல்லோடு விடை சொல்ல வேண்டும். தலையாட்டினால் கணக்கில் வராது. பிறகு இடம் மாற வேண்டும்.

‘மஸ்ட் பி’ பற்றிப் பேசச் செயலாளர் விடமாட்டார், சீட்டு வந்துவிட்டது. மாமன்ற உறுப்பினர் அவர்களே, உங்களுக்கு வைத்த வேலை, அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்கும் இந்த மனுதான். வாசகர்களே, வாசலில் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் மனுவுக்கான கையெழுத்துத் தாள் இருக்கிறது. பெயரோடு நூலக உறுப்பினர் எண்ணையும் எழுதுங்கள். எண் இல்லாவிட்டால் வெளியாள் என்று தள்ளிவிடக்கூடும்.