மூடுபனியும் இரண்டு பெயர்களும்: மலையக வாசகர்கள் லெ குவினைக் கண்டெடுத்த கதை

[காட்சி: காலை ஏழரை மணி. கொட்டகலைப் பக்கம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்து இஸ்தோப்பு, அதாவது முன்திண்ணை. எதிர்மலை தெரியவில்லை. பனி மட்டும்.]

வணக்கம். இந்தப் பனிக்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறது. அந்த மலையில் ஆட்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பேச்சுக் கேட்கிறது, ஆளைக் காணவில்லை. இலங்கையின் தேயிலை மலைநாடான மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. பத்தடி தள்ளி வருகிறவரைக் குரலை வைத்துத்தான் யாரென்று சொல்வோம்.

இப்போது இன்னொரு மலைக்குப் போவோம். கடல் நடுவே எழும்பி நிற்கிற ஒரு மலைத்தீவு, பெயர் கோண்ட். அங்கே உயரத்தில் ஒரு சின்ன ஊர். ஆடு மேய்க்கிற ஒரு பையன், பன்னிரண்டு வயது. வெளியிலிருந்து வந்த ஒரு படை, வீடுகளுக்குத் தீ வைத்துக்கொண்டு மேலே ஏறி வருகிறது. ஊரில் எதிர்த்து நிற்க ஆள் காணாது. பையன் தாயில்லாப் பிள்ளை. தாயின் சகோதரி சொல்லிக்கொடுத்ததும் அங்கங்கே பொறுக்கியதுமான சில்லறை மந்திரங்கள்தான் கையில் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்து, மலைப்பனியை இழுத்து, ஊரின் மேல் போர்த்திவிடுகிறான். வந்தவர்களுக்குத் தடம் தெரியவில்லை. பனிக்குள் அசையும் உருவங்களைத் துரத்திக்கொண்டே போய் மலைவிளிம்பில் விழுகிறார்கள்.

இதை எழுதியவர் அர்சுலா கே. லெ குவின். அமெரிக்கப் பெண். 1929ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்து 2018ல் போர்ட்லாந்தில் மறைந்தவர். புத்தகம் 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ', வெளியான ஆண்டு 1968.

இந்தக் காணொளிக்காக மலையக வாசகர்கள் சிலரிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன். "மொதல்ல இவங்க எப்படிக் கெடைச்சாங்க?" வரிசையாக, முதல் புத்தகத்திலிருந்து, கடையில் காசு கொடுத்து வாங்கி ஆரம்பித்தவர் ஒருவர்கூட இல்லை. நானும் அப்படி ஆரம்பிக்கவில்லை.

[காட்சி: ஹட்டன் நகரம். பழைய பேப்பர் கடை. தராசு.]

நான் படித்த பாடசாலையில் நூலகம் இருந்தது. கண்ணாடி அலுமாரிகள் இருந்தன. திறப்பு ஒருவரிடம் இருந்தது, அவர் எப்போதும் கூட்டத்தில் இருந்தார். ஐந்து வருஷம் கண்ணாடி வழியாகப் புத்தகங்களின் முதுகை வாசித்திருக்கிறேன். உள்ளே ஒரு பக்கத்தைத் தொட்டதில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த நாட்களில், ஹட்டனில் பழைய பேப்பர் நிறுத்து விற்கிற கடையில் மாமாவுக்குக் கூடமாட நிற்பேன். ஒரு சாக்கைக் கொட்டினால் ஆங்கிலப் புத்தகங்கள். எந்த பங்களாவில் இருந்து வந்தவையோ. அதில் ஒன்றுக்கு அட்டையே இல்லை. முதல் பக்கங்கள் சிலவும் போய்விட்டன. தலைப்புத் தெரியாது, எழுதியவர் யாரென்று தெரியாது. எனக்குக் கிடைத்த முதல் காட்சி இது: கிழவர் ஒருவர், பெயர் ஓகியன், பெரிய மந்திரவாதி. அவருக்குப் பின்னால் சீடப் பையன். மழை பிடித்துக்கொள்கிறது. அந்தத் தீவில் சின்ன மந்திரவாதிகள்கூட மழையைப் பக்கத்து ஊருக்குத் தள்ளிவிடுவார்கள். மேகம் பாவம், ஒருவர் விரட்ட இன்னொருவர் விரட்ட அலைந்து, கடைசியில் கடலுக்கு மேல் போய்த்தான் நிம்மதியாகப் பெய்யும். ஓகியன் அப்படிச் செய்யவில்லை. மழை பெய்யட்டும் என்று ஒரு மரத்தடியில் படுத்துக்கொள்கிறார். பையன் நனைந்த செடிகளுக்குள் குந்திக்கொண்டு, மனதுக்குள் எரிந்து விழுகிறான்.

தலையில் கொங்காணி, இடுப்பில் படங்கு, காலில் அட்டைக்கடி என்று மழைக்குள் நின்று கொழுந்தெடுத்த ஒரு பரம்பரையில் வந்தவள் நான். மழையை விரட்ட முடிந்தும் விரட்டாத ஒரு ஆளை அதற்கு முன் நான் எந்தக் கதையிலும் சந்தித்ததில்லை. எனக்கும் அந்தப் பையனைப் போலவே கோபம் வந்தது. பக்கத்தைப் பின்னுக்குத் திருப்பினேன்.

அந்த மழைக்கு முன்னால், அவர்கள் நடந்து போகிற வழியில் ஒரு நாலிலைச் செடி. இதனால் என்ன பயன் என்று பையன் கேட்கிறான். எனக்குத் தெரிந்து பயன் எதுவும் இல்லை என்கிறார் ஓகியன். ஆனால் அந்தச் செடியை எல்லாப் பருவத்திலும் வேர், இலை, பூ, வாசனை, விதை என்று அறிந்த பிறகுதான் அதன் உண்மைப் பெயரைக் கற்க முடியும் என்று சொல்லிக்கொடுக்கிறார். எங்கள் அம்மாயி நினைவுக்கு வந்தார். கவ்வாத்து வெட்டி எத்தனை வருஷம் என்று ஒரு தேயிலைச் செடியைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். செக்ரோலில், அதாவது வேலைக்கு வந்தவர் பெயரும் சம்பளக் கணக்கும் பதிகிற தோட்டத்துப் புத்தகத்தில், அதற்கு ஒரு பத்தி கிடையாது.

அந்தப் புத்தகத்தின் பெயர் எனக்கு நாலு வருஷத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. கண்டியில் டி.எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகத்தில் எதையோ தேடும்போது கையில் எடுத்த ஒரு புத்தகத்தில் 'ஓகியன்' என்ற சொல் கண்ணில் பட்டது. நின்ற நிற்பிலேயே, எனக்குக் கிழிந்துபோயிருந்த பக்கங்களை வாசித்தேன். அந்தப் பனிக் காட்சி அங்கேதான் இருந்தது.

[காட்சி: வரைபடம். தீவுக்கூட்டம். அடியில் எழுத்து: எர்த்ஸீ]

இந்த உலகம் எப்படி இயங்குகிறது என்பதைச் சொன்னால்தான் மற்றவர்களின் கதை விளங்கும். எர்த்ஸீயில் எல்லாவற்றுக்கும் ஒரு உண்மைப் பெயர் உண்டு. கல்லுக்கு, ஆட்டுக்கு, கடலுக்கு, மனிதருக்கு. அதைத் தெரிந்தவருக்கு அதன்மேல் பிடி உண்டு. அதனால் மனிதர்கள் உண்மைப் பெயரை மறைத்துவைத்து, ஊருக்கு வேறு பெயரில் உலாவுவார்கள். நம் பையனுக்குத் தாய் வைத்த பெயர் டூனி. ஊர் அழைப்பது ஸ்பேரோஹாக், ஒரு பருந்தின் பெயர். பதின்மூன்று வயதில் குளிர்ந்த ஊற்றுநீரைக் கடந்து அக்கரைக்கு வருகிறான். காத்திருக்கும் ஓகியன் கையைப் பிடித்து அவன் காதில் ஒரு பெயரைச் சொல்கிறார்: கெட்.

மந்திரவாதிகள் படிக்கிற பள்ளியில் பெயர்களைச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அன்றாடம் ஒரு பட்டியல். நடுச்சாமம் ஆனால் மை மறைந்து தாள் வெறுமையாகிவிடும், அதற்குள் மனப்பாடம் செய்துவிட வேண்டும். என்னோடு பேசிய ஒரு தம்பி இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டார். தலவாக்கலைக்காரர், கொழும்பில் புடவைக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில், பழைய ஆட்கள் மெக்கலம் ரோட் என்று சொல்கிற இடத்தில், பழைய புத்தகக் கடையில் எடுத்திருக்கிறார். "அட்டையில வெள்ளக்காரப் பையன் அண்ணே நிக்கிறான்"னு நண்பன் ஒருவனிடம் சொல்லிக்கொண்டே வாங்கியவர், உள்ளே வாசித்தபோது திரும்பத் திரும்ப ஒரே வரியைப் பார்த்திருக்கிறார். கெட்டின் தோல் செம்பழுப்பு. அவனுடைய நல்ல நண்பன் வெட்ச் இன்னும் கறுப்பு. தீ வைக்க வந்த படைதான் வெள்ளை. லெ குவின் இதைத் தெரிந்தே எழுதினார். அட்டைகள் வெகுகாலம் கெட்டை வெள்ளையாக்கியதை அவர் பொறுத்துக்கொள்ளவில்லை. 2004ல் தொலைக்காட்சித் தொடரிலும் அதையே செய்தபோது, 'ஸ்லேட்' இதழில் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார்.

பத்தனையில் ஆசிரியப் பயிற்சி முடித்த ஒரு மிஸ் வந்தது படத்தின் வழியே. ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோ 2006ல் எடுத்த 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ'. படம் பாதியில் விளங்காமல் போக, விளங்கிக்கொள்ளப் புத்தகத்துக்குப் போனார்.

[காட்சி: தோட்டத்துப் பெயர்ப்பலகைகள். பனி விலகுகிறது.]

இவர்கள் எல்லாரும் பெயர் விஷயத்தில்தான் பிடிபட்டிருக்கிறார்கள், அதற்குக் காரணம் நம்மிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

டன்சினன், ஹோலிரூட், அபோட்ஸ்ஃபோர்ட், எடின்பரோ. ஸ்கொட்லாந்தின் பெயர்களைத் துரைமார் கொண்டுவந்து நம் மலைகளில் ஒட்டினார்கள். அதே மலைகளுக்குத் தொழிலாளர் வாயில் வேறு பெயர்கள்: முதல் கங்காணியின் பெயர், ஆற்றின் பெயர், கோயில் மரத்தின் பெயர். எங்கள் வீட்டுக்கு எதிரே தெரிவது தோட்டத்துக் கணக்கில் 'நம்பர் 7'. அம்மாயிக்கு அது 'பாறையடி மலை'. இரண்டில் எது உண்மைப் பெயர் என்று லெ குவினை வாசித்த பிறகு எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அம்மாயி தாத்தாவின் பெயரைச் சாகும்வரை சொன்னதில்லை. தாத்தாவின் பெயர் முருகையா. அதனால் கோயிலிலும் 'கந்தா, வேலா' என்றுதான் கும்பிடுவார். இருட்டில் பாம்பைப் பாம்பு என்று சொல்லக்கூடாது, 'பூச்சி' என்றுதான் சொல்ல வேண்டும். பேர் சொன்னால் வந்துவிடும். எர்த்ஸீயின் சட்டத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். வேலைக்குப் போனால் செக்ரோலில் பேர் விழும். கொழுந்து நிறை காணாவிட்டால் அரைப்பேர். "இன்னைக்கு அரைப்பேர்தான்" என்று கொழுந்து நிறுக்கிற மடுவத்திலிருந்து வெறுங்கையை வீசிக்கொண்டு வருகிற அம்மாவின் முகம் நம்மில் பலருக்குத் தெரியும். மனிதரின் பெயரைப் பாதியாக வெட்ட முடியும் என்று ஒரு பேனாவுக்கு அதிகாரம் இருந்த இடம் இது.

[காட்சி: பொகவந்தலாவை. அடுப்படி. கேத்தலில் தண்ணீர் கொதிக்கிறது.]

நான் சந்தித்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்த ரசிகை ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர். பொகவந்தலாவைப் பக்கம், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்து ஓய்வு பெற்ற அம்மா. மகள் இரவில் வாசித்து வாசித்துத் தமிழில் கதையாகச் சொல்லியிருக்கிறார். ஆரம்பித்ததோ எர்த்ஸீ வரிசையின் நாலாவது புத்தகம். 1990ல் வந்த 'டெஹானு'. மூன்றாவது 1972ல் வந்தது, இடையில் பதினெட்டு வருஷம். அந்தப் புத்தகத்தில் சண்டை குறைவு. டெனார் என்ற நடுவயது விதவை, தீயில் கருகிய ஒரு பெண்குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். ஆடு கறக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள். மந்திரவாதிகள் கணக்கில் எடுக்காத வேலைகள்.

"இது நம்ம காம்பராக் கதை மாதிரியில்ல இருக்கு"ன்னு சொன்னாங்க என்று மகள் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. டெனாரின் பழைய கதையைக் கேட்டு, மகள் 1971ல் வந்த 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' புத்தகத்தைத் தேடிப்பிடித்துச் சொல்லியிருக்கிறார். சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே டெனாரைக் குடும்பத்திலிருந்து பிரித்து, இருட்டுக் கல்லறைகளுக்குப் பூசாரியாக்கி, பெயரையும் எடுத்துவிடுகிறார்கள். தின்னப்பட்டவள் என்று பொருள்படும் ஒரு பட்டம்தான் மிச்சம். பிறகு அங்கே திருட வந்து மாட்டிக்கொண்ட கெட் அவளை அவளுடைய சொந்தப் பெயரில் கூப்பிடுகிறான்.

அந்த இடத்தில் அம்மா கதையை நிறுத்தச் சொன்னாராம். அவருடைய குடும்பத்தைப் போல லட்சக்கணக்கானவர்களை 1948ன் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. அவர் கையில் பிரஜாவுரிமைக் கடிதம் வந்தது 2003ன் சட்டத்துக்குப் பிறகு. அதிலும் ஒரு அலுவலகத்தில் பெயரைப் பிழையாக எழுதிவிட்டார்கள், திருத்த இரண்டு வருஷம். "பேர எடுத்துட்டா ஆள எடுத்த மாதிரித்தான் பிள்ள" என்றார் என்னிடம். பிறகு எழும்பிப்போய்த் தேத்தண்ணி ஊற்றினார்.

[காட்சி: பழைய புகைப்படம் போன்ற ஓவியம். கலிபோர்னியா, 1911.]

லெ குவினுக்கு இந்தப் பெயர் எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும்? அவருடைய அப்பா அல்ஃபிரட் க்ரோபர், மானிடவியலாளர். கே என்ற எழுத்து அந்தக் க்ரோபர்தான். 1911ல், தன் யாஹி இனத்தவர் எல்லாரும் அழிந்துபோய்த் தனியாக மிஞ்சிய ஒருவர் மலையிலிருந்து வெளியே வந்தார். தன் பெயரைத் தானே சொல்வது அவர்கள் வழக்கத்தில் இல்லை. க்ரோபர் அவரை 'இஷி' என்று அழைத்தார், அவர்கள் மொழியில் மனிதன். 1916ல் இறக்கும்வரை இஷி தன் பெயரைச் சொல்லவில்லை. அர்சுலா பிறந்தது அதற்குப் பதின்மூன்று வருஷம் கழித்து. அம்மா தியோடோரா 1961ல் இஷியின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். மகள் 1964ல் பெயர்களின் சட்டத்தை வைத்தே ஒரு எர்த்ஸீ சிறுகதை எழுதிவிட்டார். இரண்டையும் சேர்த்து நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

அவருடைய பெயரையும் ஒருமுறை அரைப்பேராக்கினார்கள். 1969ல் 'பிளேபோய்' இதழ் அவர் கதையை வெளியிட்டபோது, பெண் என்று தெரியாதபடி 'யு.கே. லெ குவின்' என்று போட்டது.

எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்று கேட்பீர்கள். ஆங்கிலம் மெதுவாக வாசிப்பவர் என்றால் முதல் புத்தகமே நல்லது, சின்னதுதான், பனிக் காட்சி முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடும். மந்திரம் மாயம் என்றாலே பிடிக்காதவர் 'டூம்ஸ்'க்குப் போங்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதென்றால் 'டெஹானு'. தமிழில் சொல்லச் சொல்ல அது இன்னும் நன்றாக இருக்கிறது, நான் சொல்லிப் பார்த்தேன்.

[காட்சி: அட்டையில்லாத புத்தகம். முதல் தாளாக ஒட்டிய கொப்பித்தாள்.]

இது அந்தப் பழைய பேப்பர் கடைப் பிரதி. போன பக்கங்களைக் கண்டிப் பிரதியைப் பார்த்துக் கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன். வாசித்தவர்கள் எல்லாரும் இந்த முதல் தாளில் பெயர் எழுதியிருக்கிறார்கள். அடையாள அட்டைப் பெயர் வேண்டாம், வீட்டில் கூப்பிடுகிற பெயரை எழுதுங்கள் என்று கேட்டேன். தங்கம், குட்டியம்மா, செவத்தான், பாப்பா. கடைசியில் பென்சிலில் இருப்பது பொகவந்தலாவை அம்மாவுடையது. அதை மட்டும் நான் கெமராவுக்குக் காட்டவில்லை.

வருகிற சனிக்கிழமை பதுளை ரயிலில் இது ஹப்புத்தளைக்குப் போகிறது, உயர்தரம் படிக்கிற ஒரு தங்கச்சியிடம்.