பந்தும் படிப்பும்: டாக்டர் டி. ஆவ்
(பள்ளி விளையாட்டு விழாவில் ஆற்றிய உரை)

மேடையில் உள்ள பெரியோர்களே, பெற்றோர்களே, பரிசு வாங்கக் காத்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

பத்தாம் வகுப்பு வந்ததும் பந்தைப் பரண்மேல் ஏற்றிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். "விளையாட்டு சோறு போடுமா?" என்று கேட்கும் அப்பாக்கள் இங்கேயும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் தாலிமெரென் ஆவ் என்ற மனிதரைப் பற்றிப் பேச வந்தேன்.

இன்றைய நாகாலாந்தில், நாகா மலையில் சாங்கி என்ற ஊரில் 1918-இல் பிறந்தவர். அப்பா கிறிஸ்தவப் போதகர். வீடு நிறையப் பிள்ளைகள். வாங்கிக் கொடுக்கப் பந்து ஏது? கந்தல் துணியைச் சுருட்டி உதைத்துத்தான் ஆட்டம் பழகினார். 1935-இல் அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். மகன் டாக்டராகி நம் சனங்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்தச் சொல்லை மகன் கடைசிவரை விடவில்லை.

குவாஹாட்டி காட்டன் கல்லூரியில் படித்து, 1942-இல் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இன்று ஆர்.ஜி.கர் என்கிறோமே, அதே கல்லூரிதான். மறு வருடமே கல்கத்தாவின் பேர்பெற்ற கால்பந்து அணியான மோகன் பகானில் இடம் கிடைத்தது. நடுக்களத்தில் நின்று எதிரணியைத் தடுக்கிற ஆட்டம் அவருடையது. பின்னால் அந்த அணிக்கே கேப்டனும் ஆனார். மருத்துவப் படிப்பு எப்படிப்பட்டது என்று பிள்ளையைப் படிக்க வைக்கிற பெற்றோருக்குத் தெரியும். அதோடுதான் இதையும் செய்தார்.

1948, லண்டன் ஒலிம்பிக். சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணிக்கு அவர்தான் கேப்டன். தொடக்க விழாவில் நம் கொடியை ஏந்திப் போனவரும் அவரே. ஜூலை 31 அன்று பிரான்சோடு ஆட்டம். நம் ஆட்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். முதலில் பிரான்ஸ் ஒரு கோல் போட்டது. பெங்களூர் சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். இரண்டு பெனால்டி கிடைத்தும் கோலாகவில்லை! ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் இன்னொரு கோல் வாங்கி 2-1 என்று தோற்றோம். அதைப் படிக்கும்போது இன்றைக்கும் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நாட்டுக்கே கேப்டனாக இருந்தவர், திரும்பி வந்து பரீட்சைக்கு உட்கார்ந்தார். 1950-இல் எம்.பி.பி.எஸ். முடித்தார். கல்கத்தாவிலேயே இருந்திருந்தால் பேருக்கும் புகழுக்கும் குறைவிருந்திருக்காது. அவரோ அசாமில் உள்ள திப்ரூகரில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, 1953-இல் கோஹிமா அரசு மருத்துவமனைக்குப் போனார். அந்த வருடங்கள் நாகா மலையில் அமைதியான வருடங்கள் அல்ல. துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே சனங்கள் வாழ்ந்த காலம். அங்கேயே இருந்து, நாகாலாந்து சுகாதாரத் துறை இயக்குநராக உயர்ந்து, 1978-இல் ஓய்வு பெற்றார். 1998-இல் காலமானார். 2018-இல் அவருடைய நூற்றாண்டுக்குத் தபால் தலை வந்தது. ஆனாலும் நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

தலைமையாசிரியர் அவர்களிடம் ஒன்று கேட்டுவிட்டு முடிக்கிறேன். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரத்தில் இரண்டு பீரியடாவது பிள்ளைகளை மைதானத்தில் விடுங்கள். பெற்றோர்களும் இதற்குச் சம்மதிக்க வேண்டும். நன்றி, வணக்கம்.