மலையிறங்கி வந்த ஏலக்காய் கடல் கடக்க

நேயர்களுக்கு வணக்கம்.

கேரளத்தின் இடுக்கி மலையில் வண்டன்மேடு, நெடுங்கண்டம், குமுளிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும், தமிழ்நாட்டுக் கம்பத்திலிருந்து விடியற்காலையில் ஜீப்பேறி வந்து காய் எடுக்கும் பெண்களுக்கும் இந்தப் பேச்சு. ஏற்றுமதி என்றாலே கொச்சியில் இருக்கும் பெரிய முதலாளிகள் காரியம் என்று நம்மில் பலர் ஒதுங்கிக்கொள்கிறோம். அது எனக்கு உடன்பாடில்லை. நம் சரக்குக்குக் கிடைக்கும் விலையில் அரசு நிறுவனங்கள் சிலவற்றுக்கு நேரடியான பங்கு உண்டு. அவற்றைத் தெரிந்துகொள்ளாததால் நட்டம் நமக்குத்தான்.

முதலில் ஸ்பைசஸ் போர்டு, அதாவது நறுமணப் பொருள் வாரியம். பழைய ஏலக்காய் வாரியத்தையும் நறுமணப் பொருள் ஏற்றுமதி வளர்ச்சிக் குழுவையும் ஒன்றாக்கி 1987-ல் உருவானது. தலைமையகம் கொச்சியில். மிளகு, மஞ்சள் உட்பட 52 பொருள்கள் அதன் பொறுப்பில் இருந்தாலும், ஏலக்காய்க்கு மட்டும் அது செய்வது கூடுதல். ஏலம் நடத்துபவருக்கும் அங்கே வாங்குபவருக்கும் உரிமம் கொடுப்பதே அதுதான். 2007-ல் மின் ஏலத்தையும் கொண்டுவந்தது.

புற்றடி ஏலக்கூடத்துக்குள் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். வரிசையாகக் கணினிகள். ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு சரக்குத் தொகுதிக்கும், மாதிரி வரும். வியாபாரி அதைத் தட்டில் கொட்டி நிறம் பார்ப்பார், எட்டு எம்எம் பருமன் உள்ள காய் எவ்வளவு தேறும் என்று கண்ணாலேயே அளப்பார், ஒரு காயைப் பிதுக்கி விதை கறுத்துத் திரண்டிருக்கிறதா என்று பார்ப்பார். இன்னொரு கை பொத்தானில் இருக்கும். திரையில் விலை ஏறும், நிற்கும், அடுத்த லாட் வந்துவிடும். முகம் பார்த்து விட்டுக்கொடுப்பது இதில் குறைந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஆனால் நிறமும் பருமனும் உள்ளூர்க் கணக்கு. வெளிநாட்டில் முதலில் கேட்பது பூச்சிமருந்து எச்சம். 2018-ல் சவூதி அரேபியா இந்தக் காரணத்துக்காக நம் ஏலக்காயை நிறுத்தியபோது மலை முழுக்க அந்தச் சூடு பட்டது. காவா என்னும் அரபுக் காப்பியில் ஏலக்காய் போடாத வீடே அங்கே அரிது. ஏலக்காய் விளைவிக்கும் மத்திய அமெரிக்க நாடான குவாதமாலாக்காரர்கள் அந்தச் சந்தையில் ஏற்கெனவே வலுவாக இருந்தவர்கள். வாரியத்தின் தர ஆய்வுக்கூடம் இங்கேதான் உதவிக்கு வருகிறது. கப்பலேறும் முன் எச்சத்தைப் பார்த்துச் சான்று கொடுக்கிறது. செடியைத் தாக்கும் இலைப்பேனுக்கும் தண்டுதுளைப்பானுக்கும் எதை, எவ்வளவு, எப்போது அடிப்பது என்பதற்கு மயிலாடும்பாறையில் 1978 முதல் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. கடைக்காரர் சொன்ன மருந்தை வாங்கி அடிப்பதற்கு முன் அங்கே ஒரு வார்த்தை கேளுங்கள்.

நேரடியாக அனுப்ப விரும்பும் இளைஞர்களுக்கு: மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தில் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வாங்க வேண்டும். பான் எண்ணே இப்போது அந்த எண். கட்டணம் 500 ரூபாய், விண்ணப்பம் இணையத்தில். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரத்தை உறுதிசெய்யாவிட்டால் எண் முடங்கிவிடும். பலர் கோட்டைவிடுவது இதில்தான். ஸ்பைசஸ் போர்டில் ஏற்றுமதியாளர் பதிவும் தனியாக வேண்டும்.

சரக்கு போய்ச் சேர்ந்து பணம் வராவிட்டால்? அதற்காகவே 1957-ல் தொடங்கிய ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகம் இருக்கிறது. வாங்கியவர் திவாலானாலும், அந்த நாட்டில் போர் மூண்டு பணம் நின்றாலும், காப்பீடு எடுத்தவருக்கு இழப்பின் பெரும்பகுதியைக் கொடுக்கும். முதல் சரக்கு அனுப்பும்போதே இதை எடுத்துவிடுங்கள். வெளியூர் வியாபாரியை நம்பித் தோட்டத்தை அடகு வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதிகாரிகளிடமும் ஒரு கோரிக்கை. இந்த மலையில் ஏலக்காயை விளைவிப்பவர்களிலும் எடுப்பவர்களிலும் பலர் தமிழ் பேசுகிறவர்கள். மருந்து அளவு, எச்ச வரம்பு, பதிவுப் படிவம் எல்லாம் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் வருவதோடு தமிழிலும் வர வேண்டும். அடுத்த பருவத்தின் முதல் எடுப்புக்கு முன்பே எச்ச வரம்புப் பட்டியலைத் தமிழில் அச்சடித்து காய் உலர்த்தும் ஒவ்வொரு ஸ்டோர் வாசலிலும் ஒட்டலாம். அதற்குப் பெரிய செலவு ஆகாது.